சாலையில் ஒடித்துப் போட்ட கிளை: செல் தன் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் விதம்

மரபியல் பாடத்தில் டி.என்.ஏ.வை நாம் பெரும்பாலும் ஒரு கல்வெட்டைப் போல அறிமுகப்படுத்துகிறோம். இரட்டைச் சுருள், நான்கு காரங்கள், 46 குரோமோசோம்கள். பெற்றோரிடமிருந்து வந்தது, மாறாமல் இருப்பது. இந்தப் படம்தான் மாணவர் மனத்தில் பதிகிறது. சில வாரங்கள் கழித்துப் புற்றுநோய் பற்றிய பாடம் வருகிறது. டி.என்.ஏ.வில் சடுதிமாற்றம் ஏற்பட்டால் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் என்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பிள்ளை, "கல்வெட்டில் கீறல் விழுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது.

இந்த இரு பாடங்களுக்கும் நடுவில் சொல்லவேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. டி.என்.ஏ. ஒவ்வொரு நாளும் சேதமடைகிறது. ஒவ்வொரு நாளும் பழுதுபார்க்கப்படுகிறது. நாம் உயிரோடு இருப்பதே அந்தப் பழுதுபார்ப்பால்தான்.

இதை நான் தேடிப் படிக்கக் காரணம் என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவளுடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நம் ஊர்ப் பேச்சில் அதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். ஒரு நாள் இடைவேளையில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "கரண்ட் வெச்சுட்டு வந்தா அம்மா பக்கத்துல படுக்கக் கூடாதுன்னு பாட்டி சொல்றாங்க டீச்சர். நெசமுங்களா? எனக்கும் அது வருமுங்களா?" இரண்டு கேள்விகளுக்கும் பதில் செல்லுக்குள் இருக்கிறது.

தினமும் நடக்கும் சேதம்

ஒரு செல்லின் உட்கருவில் சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ. சுருண்டிருக்கிறது. அந்த உட்கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. இந்த நீண்ட இழையை வெயிலும் புகையும் மட்டும் தாக்குவதில்லை. செல்லுக்குள் இருக்கும் நீரும் ஆக்சிஜனும்கூடத் தாக்குகின்றன. ஒரு செல்லில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 காரங்கள் தாமாகவே கழன்று விழுகின்றன. டி.என்.ஏ. நிலையானது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், 1970-களில், சுவீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்டால் இதை எடுத்துக்காட்டினார். இவ்வளவு சேதமடையும் மூலக்கூறு நிலைத்திருக்கிறது என்றால், அதைச் சரிசெய்யும் ஏற்பாடும் இருந்தாக வேண்டும் என்று அவர் எண்ணினார். அந்த ஏற்பாடுகளைக் கண்டறிந்ததற்காக லிண்டால், பால் மோட்ரிச், துருக்கியில் பிறந்த அசீஸ் சாங்கர் ஆகிய மூவருக்கும் 2015-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

உச்சி வெயிலில் வயலில் களை எடுப்பவரின் தோலில், புற ஊதாக் கதிர் அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. செல் அந்தப் பகுதியைக் கத்தரித்து எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புகிறது. இவையெல்லாம் ஓர் இழையில் மட்டும் ஏற்படும் சேதங்கள். எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோவதுதான் மிக ஆபத்தானது. அது சரியாக இணையாவிட்டால் குரோமோசோமின் ஒரு துண்டே தொலைந்துபோகலாம், அல்லது வேறொரு குரோமோசோமோடு தவறாக ஒட்டிக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலை சொல்லும் பாடம்

46 குரோமோசோம்களில், சுமார் 600 கோடி எழுத்து இணைகளில், ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. பழுதுபார்க்கும் புரதங்களுக்கு அந்த இடம் எப்படித் தெரியும்?

சேலம், நாமக்கல் பகுதிப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. பலர் வீட்டில் ஒருவராவது லாரித் தொழிலில் இருப்பார். நெடுஞ்சாலையில் லாரி பழுதாகி நின்றால் கிளீனர் முதலில் என்ன செய்வார் என்று வகுப்பில் கேளுங்கள். உடனே பதில் வரும். பக்கத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போடுவார். நான்கைந்து கற்களைச் சாலையில் வரிசையாக வைப்பார். அதன் பிறகுதான் மெக்கானிக்குக்குப் போன் போகும். கிளை வண்டியைச் சரிசெய்வதில்லை. ஆனால் "இங்கே பழுது, மெதுவாக வா" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறது.

செல்லும் இதையேதான் செய்கிறது. அங்கே கிளைக்குப் பதில் ஒரு பாஸ்பேட் தொகுதி. அது வைக்கப்படுவது ஒரு புரதத்தின் மீது.

புரதத்தின் மீது ஓர் ஒட்டு

மரபணுவைப் படித்துப் புரதம் உருவாகிறது என்பதோடு நம் பாடம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் உருவான பிறகும் புரதத்தின் மீது சிறு வேதித் தொகுதிகள் ஒட்டவைக்கப்படுகின்றன; தேவை முடிந்ததும் கழற்றப்படுகின்றன. ஒட்டு சேர்ந்தால் புரதத்தின் வடிவமும் மின்சுமையும் மாறும். அதனால் அதன் வேலையும், அது யாரோடு சேர்கிறது என்பதும் மாறும்.

டி.என்.ஏ. பழுதுபார்ப்பில் மூன்று ஒட்டுகள் முக்கியமானவை. முதலாவது பாஸ்பேட். ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் புரதத்தில் பொருத்தும் நொதி கைனேஸ். கழற்றும் நொதி பாஸ்படேஸ். இதற்குப் பாஸ்பரிகரணம் என்று பெயர். இப்படிப் பாஸ்பேட்டை ஏற்றி இறக்குவது புரதங்களைக் கட்டுப்படுத்தும் வழி என்று காட்டிய எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவருக்கும் 1992-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது யுபிகுவிட்டின். இதுவே 76 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதம். மூன்றாவது ஏ.டி.பி.-ரைபோஸ் அலகுகளாலான நீண்ட சங்கிலி.

புதிய புரதத்தைத் தயாரித்து அனுப்பினால் என்ன என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. மரபணுவைப் படித்து, ஆர்.என்.ஏ. எழுதி, ரைபோசோமில் புரதம் கட்டி முடிக்க நேரம் பிடிக்கும். அறுந்த முனைகள் அதுவரை காத்திருக்காது. ஏற்கெனவே அங்கிருக்கும் புரதத்தில் ஒரு பாஸ்பேட்டைப் பொருத்துவது நொடிகளில் முடியும் வேலை. பழுதான இடத்தில் மட்டும் பொருத்தலாம். பிறகு கழற்றியும் விடலாம். வேகம், இடம், திரும்பப் பெறும் வசதி ஆகிய மூன்றும் இதில் கிடைக்கின்றன.

அழைப்பும் வருகையும்

இரட்டை இழை அறுந்ததும் சில புரதங்கள் அந்த முனைகளைப் பற்றிக்கொண்டு ஏ.டி.எம். என்ற கைனேஸை வரவழைக்கின்றன. சாதாரண நேரத்தில் ஏ.டி.எம். இரண்டிரண்டாகப் பிணைந்து செயலற்றுக் கிடக்கும். அழைப்பு வந்ததும் தன் மீதே பாஸ்பேட்டைப் பொருத்திக்கொண்டு தனித்தனியாகப் பிரிந்து வேலையைத் தொடங்கும்.

டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிச் சுருண்டிருப்பது நமக்குத் தெரியும். அவற்றில் எச்2ஏ.எக்ஸ். என்ற ஒரு வகை ஆங்காங்கே இருக்கிறது. அறுந்த இடத்தின் இருபுறமும் உள்ள இந்த ஹிஸ்டோன்களில், 139-ஆவது அமினோ அமிலமான செரின் மீது ஏ.டி.எம். பாஸ்பேட்டை வைக்கிறது. இதுதான் நம் மரக்கிளை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வில்லியம் பானர் குழுவினர் 1998-இல் இதைக் கண்டறிந்தனர். சில நிமிடங்களில், அறுந்த இடத்தைச் சுற்றி லட்சக்கணக்கான எழுத்துகள் நீளத்துக்கு இந்த அடையாளம் பரவிவிடுகிறது. ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு முறிவும் ஒரு புள்ளியாக மின்னும். ஒரு செல்லில் எத்தனை முறிவுகள் என்று எண்ணிப் பார்க்கவே ஆய்வகங்களில் இன்று இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பாஸ்பேட்டைக் கண்டு எம்.டி.சி.1 என்ற புரதம் வந்து ஒட்டுகிறது. அதன் மீதும் ஏ.டி.எம். பாஸ்பேட் வைக்கிறது. அந்தப் பாஸ்பேட்டைப் பார்த்து ஆர்.என்.எப்.8, பின்னர் ஆர்.என்.எப்.168 என்ற நொதிகள் வருகின்றன. இவை ஹிஸ்டோன்களின் மீது யுபிகுவிட்டினை ஒட்டுகின்றன. அந்த ஒட்டுகளை அடையாளம் கண்டு 53பிபி1, பி.ஆர்.சி.ஏ.1 போன்ற பெரிய புரதங்கள் கூடுகின்றன. ஒவ்வொரு ஒட்டும் அடுத்தவருக்கான அழைப்பு. ஸ்டீபன் எலெட்ஜ் குழுவினர் 2007-இல் தேடியபோது, டி.என்.ஏ. சேதத்தின்போது இவ்வகைக் கைனேஸ்களால் பாஸ்பேட் பெறும் புரதங்கள் 700-க்கும் மேல் இருந்தன.

எந்த முறையில் இணைப்பது?

அறுந்த முனைகளை இணைக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, இரு முனைகளையும் அப்படியே சேர்த்து ஒட்டுவது. விரைவானது, ஆனால் ஓரிரு எழுத்துகள் விடுபடலாம். மற்றொன்று, அதே டி.என்.ஏ.வின் இன்னொரு பிரதியைப் பார்த்துப் பிழையின்றி எழுதுவது. செல் பிளவுபடுவதற்காகத் தன் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கிய பிறகுதான் அந்தப் பிரதி பக்கத்தில் இருக்கும்.

பிரதி இருக்கிறதா இல்லையா என்பதைச் செல் எப்படி அறிகிறது? இங்கும் ஒட்டுதான். செல் சுழற்சியை நடத்தும் கைனேஸ்கள், டி.என்.ஏ. இரட்டிப்பாகும் கட்டத்திலிருந்து வலுப்பெறுகின்றன. அவை சி.டி.ஐ.பி. என்ற புரதத்தில் பாஸ்பேட் வைக்கும்போது, அறுந்த முனைகள் செதுக்கப்பட்டு, பிரதியைப் பார்த்து எழுதும் வழி திறக்கிறது. பாஸ்பேட் இல்லாதபோது முனைகளை ஒட்டும் வழியே நடக்கிறது.

காவல் நிற்கும் பி53

பழுது முடியும் முன் செல் பிளவுபடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது பி53 என்ற புரதம். இது எப்போதும் தயாராகிக்கொண்டே இருக்கிறது. ஆனால் எம்.டி.எம்.2 என்ற நொதி உடனுக்குடன் இதன் மீது யுபிகுவிட்டின் சங்கிலியை மாட்டிவிடுகிறது. அந்தச் சங்கிலி இருந்தால் செல்லின் கழிவு அறைக்குப் போய்ச் சிதைய வேண்டியதுதான். யுபிகுவிட்டின் புரதங்களைச் சிதைவுக்கு அனுப்பும் இந்த முறையைக் கண்டறிந்ததற்கு ஆரோன் சீச்சனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகியோருக்கு 2004-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மேலே ஹிஸ்டோனில் ஒட்டிய யுபிகுவிட்டின் அழைப்பாக இருந்தது. இங்கே அதுவே அழிவாக இருக்கிறது. சங்கிலியில் அலகுகள் எந்த இடத்தில் கோக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. 48-ஆவது லைசினில் கோத்தால் சிதைவு. 63-ஆவது லைசினில் கோத்தால் அழைப்பு.

டி.என்.ஏ. அறுந்ததும் ஏ.டி.எம். பி53-இலும் எம்.டி.எம்.2-இலும் பாஸ்பேட் வைக்கிறது. இரண்டுக்குமான பிடி தளர்கிறது. பி53 சிதையாமல் சேர்ந்து, செல் பிளவை நிறுத்துகிறது. பழுது சரியானால் செல் தொடரும். சரிசெய்யவே முடியாவிட்டால் அந்தச் செல் தன்னையே அழித்துக்கொள்ளும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53 மரபணு கெட்டிருப்பது தற்செயல் அல்ல.

கிளையை எடுப்பதும் வேலைதான்

லாரி கிளம்பிய பிறகு சாலையில் விட்டுப்போன கற்களால் எத்தனை இருசக்கர வாகனங்கள் விபத்துக்குள்ளாகின்றன என்பது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். செல்லிலும் அப்படித்தான். பழுது முடிந்ததும் பாஸ்படேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்ற வேண்டும். வேறு நொதிகள் யுபிகுவிட்டினை அகற்ற வேண்டும். அடையாளம் நீங்காவிட்டால், பழுது சரியான பிறகும் செல் வேலையைத் தொடங்காமல் நின்றுவிடும்.

ஒப்புமையின் எல்லையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். செல்லுக்குள் கிளீனரும் இல்லை, போனும் இல்லை. மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதிக்கொண்டிருக்கின்றன. வடிவம் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பாஸ்பேட் சேர்ந்தால் பொருத்தம் மாறுகிறது. அவ்வளவுதான்.

வேலூரில் மருத்துவம் படித்தவர்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அசோக் வெங்கிட்டராமன் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். பின்னர் இங்கிலாந்தில் ஆய்வு செய்து, கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். பரம்பரை மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ.2 மரபணு 1995-இல் கண்டறியப்பட்டபோது, அதன் புரதம் என்ன செய்கிறது என்பது புதிராக இருந்தது. அது டி.என்.ஏ. பழுதுபார்ப்பில் பங்கேற்கிறது என்று 1998-இல் அவருடைய குழு காட்டியது. ராட்51 என்ற புரதத்தை அறுந்த முனைகளுக்குக் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. பி.ஆர்.சி.ஏ.2-இன் ஒரு முனையில் பாஸ்பேட் ஒட்டினால் அங்கே ராட்51 பிடிக்காது என்பது 2005-இல் வெளிவந்தது. செல் பிளவுபடத் தொடங்கும்போது அந்தப் பாஸ்பேட் கூடுகிறது, டி.என்.ஏ. சேதமடையும்போது குறைகிறது.

இந்த அறிவு மருந்தாகவும் ஆகியிருக்கிறது. ஓரிழை முறிவுகளில் பார்ப் என்ற நொதி ஏ.டி.பி.-ரைபோஸ் சங்கிலியை ஒட்டி உதவியை அழைக்கும். அந்த நொதியைத் தடுத்தால் ஓரிழை முறிவுகள் தேங்கி, இரட்டை இழை முறிவுகளாக மாறும். நல்ல செல் அவற்றைச் சரிசெய்துகொள்ளும். பி.ஆர்.சி.ஏ. புரதம் இழந்த புற்றுநோய்ச் செல்லால் முடியாது, அது இறக்கும். இப்படிச் செயல்படும் ஓலாபரிப் என்ற மருந்து 2014-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

கரண்ட் வைப்பதன் அடிப்படையும் இதுதான். ஒரு கிரே அளவு கதிர்வீச்சு, ஒரு செல்லில் சுமார் 40 இரட்டை இழை முறிவுகளை உண்டாக்கும். மொத்தச் சிகிச்சையையும் ஒரே நாளில் தராமல் பல வாரங்களுக்குப் பிரித்துத் தருவதன் காரணங்களில் ஒன்று, இடைப்பட்ட நேரத்தில் நல்ல செல்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்ளும் என்பது. பல புற்றுநோய்ச் செல்கள் அந்தத் திறமையில் பின்தங்கியவை. வெளியிலிருந்து இயந்திரத்தால் செலுத்தும் கதிர், இயந்திரத்தை நிறுத்தியதும் நின்றுவிடும். நோயாளியின் உடலில் தங்குவதில்லை. என் மாணவி அவள் அம்மாவின் பக்கத்தில் தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம். புற்றுநோய் தொற்றுவதும் இல்லை.

அவளுடைய இரண்டாவது கேள்விக்கும் நேர்மையான விடை உண்டு. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணுவால் வருபவை பத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. அப்படிப்பட்ட மரபணு தாயிடம் இருந்தாலும், பிள்ளைக்கு அது போகும் வாய்ப்பு பாதிதான். தந்தை வழியாகவும் அது வரலாம். அதனால் தாய்வழிக் குடும்பத்தை மட்டும் குறை சொல்வதற்கு அறிவியலில் இடமில்லை. மரபணு வந்தாலும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. உரிய வயதில் பரிசோதனை செய்துகொள்வதுதான் செய்யவேண்டியது. இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "இதை எங்க பாட்டிகிட்ட நீங்களே சொல்லுவீங்களா டீச்சர்?" சொன்னேன்.

வகுப்பில் செய்து பார்க்க

இரண்டு சணல் கயிறுகள், துணி கிளிப்புகள், சிவப்பு ரிப்பன், மஞ்சள் சீட்டுகள் போதும். எட்டு மாணவர்கள் 'ஹிஸ்டோன்'களாக வரிசையில் நின்று, இரு கயிறுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளட்டும். ஒருவர் இரண்டு கயிறுகளையும் ஒரே இடத்தில் வெட்டுவார். 'ஏ.டி.எம்.' மாணவர் வெட்டுக்கு அருகில் உள்ளவர்களின் கையில் சிவப்பு ரிப்பனைக் கட்டுவார். ரிப்பன் கட்டியவர்களிடம் மட்டும் 'ஆர்.என்.எப்.' மாணவர் மஞ்சள் சீட்டு ஒட்டலாம். மஞ்சள் சீட்டு உள்ள இடத்துக்கு மட்டும் 'பழுதுபார்ப்போர்' வந்து கிளிப்பால் கயிற்றை இணைக்கலாம். கடைசியில் 'பாஸ்படேஸ்' எல்லா ரிப்பன்களையும் அவிழ்க்க வேண்டும்.

பிறகு ஒரு நபரை நீக்கிவிட்டு மீண்டும் விளையாடச் சொல்லுங்கள். ஏ.டி.எம். இல்லை என்றால்? அட்டாக்சியா டெலான்ஜியெக்டேசியா என்ற அரிய நோய் உள்ள குழந்தைகளின் நிலை அது. அவர்களுக்கு நடை தள்ளாடும், நோய் எதிர்ப்பு குறையும், கதிர்வீச்சைத் தாங்க முடியாது. பாஸ்படேஸ் இல்லை என்றால்? விளையாட்டு முடியவே முடியாது. தொடக்க வகுப்புகளுக்கு இந்தப் பெயர்கள் வேண்டாம். காயம் பட்ட இடத்தில் தோல் தானே ஆறுவதைப் போல, உடலின் மிகச் சிறிய பகுதிகளும் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன என்பதே போதும்.

தடுப்பூசி பற்றிப் பெற்றோர் கேட்டால்

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது எச்.பி.வி. என்ற வைரஸ் என்று நிறுவிய ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸ் செய்யும் தந்திரமும் ஓர் ஒட்டுதான். அதன் இ6 என்ற புரதம், நம் செல்லில் இருக்கும் ஒரு நொதியைப் பிடித்து, பி53-இன் மீது யுபிகுவிட்டினை மாட்டவைக்கிறது. காவலர் சிதைந்துபோகிறார். டி.என்.ஏ. சேதமடைந்த செல்லும் தடையின்றிப் பெருகுகிறது.

நம் மாநில அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாக வழங்குவதாக அறிவித்தது. 14 வயது என்றால் நம் ஒன்பதாம் வகுப்பு. "இந்தச் சின்ன வயசுல எதுக்கு?" என்று பெற்றோர் முதலில் கேட்கப்போவது நம்மிடம்தான். வைரஸ் உடலுக்குள் வந்துவிட்டால் தடுப்பூசி அதை வெளியேற்றாது. வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பயன். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயது வரையுள்ள பெண் குழந்தைகளுக்கு முன்னுரிமை தருகிறது. தடுப்பூசி போட்டாலும் பின்னாளில் உரிய பரிசோதனைகள் தேவை.

மாணவர்களிடம் புகையிலையைத் தொடாதே என்று சொல்லும்போதும், நண்பகல் வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள் என்று சொல்லும்போதும், தடுப்பூசிப் படிவத்தில் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்கும்போதும் நாம் செய்வது ஒன்றே: செல்லின் பழுதுபார்ப்புப் பணியின் சுமையைக் குறைக்கிறோம். மீதியைச் செல் பார்த்துக்கொள்ளும். அதை அது நன்றாகவே செய்யும்.